எனக்கும் உனக்கும்

'சமூக சேவை' என்று சொல்கிறோம். அதில் வரும் சமூகம் யார்? தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மேடையில் பேசும்போது சமூகம் என்றால் எல்லோரும். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது "நீங்க என்ன சமூகம்?" என்றால் அது சாதி. சேவை செய்யப் புறப்படும் ஒரு மாணவி, எந்தச் சமூகத்திலிருந்து எந்தச் சமூகத்துக்குப் போகிறாள்?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம், முடிவில் ஒரு சான்றிதழ். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். இதில் நான் யார், நீ யார் என்பது முன்பே முடிவாகிவிட்டதைப் போலத்தான் எல்லோரும் நடந்துகொள்கிறோம். நான் என்றால் படித்தவள், பேட்ஜ் குத்தியவள். நீ என்றால் குப்பத்தில் இருப்பவள்.

நானோ நொச்சிக்குப்பத்தில் பிறந்தவள். அம்மா மீன் விற்கிறார். கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் வழியாகப் பட்டினப்பாக்கம் போகும் லூப் ரோடுதான் நான் வளர்ந்த இடம். இரண்டாம் ஆண்டில் எங்கள் அணிக்குக் குடும்பக் கணக்கெடுப்பு வேலை வந்தது. கொடுக்கப்பட்ட இடம் எங்கள் குடியிருப்பு. படிவத்தோடு நான் படியேறியபோது பக்கத்து வீட்டு அத்தை சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாடி, நம்ம வூட்டையே எண்ண வந்துக்கிறியா?"

சரியான கேள்விதான். அன்று நான் சேவை செய்பவளா, சேவையைப் பெறுபவளா? என் கையில் இருந்த படிவத்தில் 'பயனாளி' என்று ஒரு கட்டம் இருந்தது. என் வீட்டுக்கும் அது பொருந்தும். 'தன்னார்வலர் பெயர்' என்ற இடத்தில் என் பெயரும் இருந்தது. அத்தைக்குத்தான் கட்டமே இல்லை. விடியும் முன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பிவிடுகிறவர் அவர். பல வருடங்களாகச் செய்கிறார். அதற்கு மணிக்கணக்கு கிடையாது, சான்றிதழும் கிடையாது. 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் எழுத முடிந்தது.

இது ஒரு அத்தையின் கதை மட்டும் அல்ல. 2019-ல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டுகளுக்குக் கேட்கும் 240 மணி நேரத்தை அந்தப் பெண் ஏழு வாரத்தில் முடித்துவிடுவாள். பிறகும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள்.

அதனால்தான் அந்த முழக்கம் எனக்கு நெருடுகிறது. தன்னைப் பற்றி மட்டுமே நினைத்து வளர்ந்த ஒருவனுக்கு 'எனக்காக அல்ல' என்பது நல்ல பாடம். கடைசியாகச் சாப்பிடவும், தம்பிக்காகப் படிப்பை விடவும் பழக்கப்பட்ட பெண்ணுக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? கேரல் கில்லிகன் 1982-ல் வெளியிட்ட 'வேறொரு குரலில்' என்ற நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். தன்னைத் தியாகம் செய்வதே நன்மை என்று நம்பும் கட்டத்தோடு பெண்ணின் அறம் முடிந்துவிடுவதில்லை என்றார். யாரையும் காயப்படுத்தக் கூடாது என்றால், அந்த 'யாரையும்' என்பதில் தானும் உண்டு என்று அவள் உணர்வது அதற்கு அடுத்த கட்டம்.

எங்கள் கடற்கரையிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1886-ல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி குழந்தை விதவை. 1911-ல் பட்டம் பெற்றார். கடற்கரைச் சாலையில் இருக்கும் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அந்தப் பெண்களை அவர் 'நீ' என்று தள்ளி நின்று பார்க்கவில்லை. அவர்கள் நிலையில் இருந்தவர் அவர். தன்னை மறுக்காமல், தன்னிலிருந்தே தொடங்கிய சேவை அது. ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. 'நம்மவர்' என்ற உறவு எவ்வளவு தூரம் தாங்கும், எந்த இடத்தில் சாதியாகி நின்றுவிடும் என்பதையும் அதே வீடு காட்டுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் குப்பத்துக்காக மட்டுமே நான் உழைத்தால் அதற்கும் ஒரு மதில் எழும்பும்.

அப்படியானால் சேவையே வேண்டாமா? வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது முன்பின் தெரியாதவர்கள் சோறும் துணியும் கொண்டுவந்ததை எங்கள் தெருவில் இன்றும் பேசுவார்கள். ஆனால் நிவாரணக் கணக்கு என்று வந்தபோது படகும் வலையும்தான் முதலில் கண்ணில் பட்டன. மீன்கூடை சுமந்த பெண்களின் இழப்பு பின்னுக்குப் போனது. கேள்விகளை எழுதியவர்கள் கூடையைப் பற்றிக் கேட்கவில்லை. அன்பு இருந்தால் மட்டும் போதாது, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லும் முக்கியம். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தின் பெயர் 'மகளிர் உரிமைத் தொகை'. உதவித் தொகை என்று வைக்கவில்லை. உதவி என்றால் கொடுப்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உரிமை என்றால் கிடைக்காதபோது ஏன் என்று கேட்கலாம். நாம் செய்யும் சேவையும் எதிரே இருப்பவளை அப்படிக் கேட்கவிட வேண்டும்.

இந்த ஆண்டு நலப்பணித் திட்டத்தில் சேரப்போகும் தோழிகளே, தயங்காமல் சேருங்கள். வீட்டைத் தாண்டி வெளியே போவதற்கு நம்மில் பலருக்குக் கிடைக்கும் முதல் அனுமதி அது. படிவத்தைக் கொடுத்தால் அதில் விடுபட்டது எது என்று அந்தத் தெருப் பெண்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஓரத்திலாவது எழுதுங்கள். உங்கள் தூக்கம், உங்கள் தேர்வு, உங்கள் ஆசை ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். அந்த முழக்கத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் என் நோட்டில் அதை 'எனக்கும் உனக்கும்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.