ஓசையும் குரலும்

நல்ல நிலையில் உள்ள மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பேரோசை எழுப்பும் வேறொன்றைப் பூட்டும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பரவியிருக்கிறது. புதியது வாங்கப் பணமில்லாதவர்கள் பழையதன் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளை வெட்டியெடுத்து, அதனை வெறுங்குழாய் ஆக்கிக்கொள்கிறார்கள். இதுவும் ஒரு சமுதாயப் பிரச்சினையா என்று சிலர் வினவக்கூடும். ஆம் என்பதே எமது விடை. தன் உடைமையைத் தன் விருப்பப்படி ஆளும் ஒருவனது உரிமை எங்கே முடிகிறது, அயலவனின் உரிமை எங்கே தொடங்குகிறது என்ற பழைய கேள்வியே இன்று ஒரு புகைக்குழாயின் வடிவில் எம்முன் வந்து நிற்கிறது.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். எஞ்சினுள் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்த புகை வெளியே பாய்கிறது. அந்த அழுத்த அலையே ஓசையாகிறது. சைலன்சரினுள் அமைந்த அறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் அலை மோதித் திரும்பி, தன்னைத் தானே எதிர்த்து வலுவிழக்கிறது. 1897 இல் அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றனர். 1909 இல் ஹைரம் பேர்சி மாக்சிம் என்பவர் துப்பாக்கிக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்று, அதே தத்துவத்தை மோட்டார் வண்டிக்கும் பயன்படுத்தினார். இவருடைய தந்தையே 1884 இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை ஆக்கியவர். தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்க முயன்றார். எமது மண்ணிலோ இது தலைகீழாய் நடக்கிறது. குண்டோசையைச் சகித்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஓசையை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

இதே மண்ணின் கைத்திறன் முன்னர் வேறொரு பணிக்கு உதவியது. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது நின்றது. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டும் வழியை மெக்கானிக்குகள் கண்டனர். மின்கலம் கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். நோயாளியை வைத்தியரிடம் சேர்க்க வேண்டும், உலகச் செய்தியை அறிய வேண்டும் என்ற தேவையே அந்த அறிவைப் பெற்றெடுத்தது. இன்றைய மெக்கானிக்கிடம் அந்தத் திறமை குறைந்துவிடவில்லை. அதனை வேலைக்கு அழைக்கும் தேவைதான் மாறியிருக்கிறது.

இதற்காக இளைஞரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. 2009 இல் போர் முடிந்தபின் லீசிங் கம்பெனிகள் வடக்கே வந்தன. வண்டி கடனுக்குக் கிடைத்தது. தவணையைக் கட்டுவதற்கேற்ற நிலையான வேலை பலருக்குக் கிடைக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தலைகுனிந்து தள்ளிச் சென்ற ஒரு தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். வாய் திறவாதிருப்பதே உயிர்காக்கும் வழி என்று கற்பிக்கப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். அலுவலகத்திலும் ஊர்க்கூட்டத்திலும் தன் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் இல்லாத ஒருவன், வீதியில் ஒரு குழாயைப் பூட்டியதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைக் காண்கிறான். 'நானும் இருக்கிறேன்' என்ற அந்த உணர்வையே வியாபாரி குழாயென்ற பெயரில் அவனுக்கு விற்கிறான்.

எனினும் ஓசை வேறு, குரல் வேறு. குரல் மறுமொழியை எதிர்பார்க்கிறது. எதிரில் இருப்பவனையும் மனிதனாக ஏற்றுக்கொள்கிறது. ஓசையோ மறுமொழிக்கு இடமே வைப்பதில்லை. குரல் இழந்தவன் தன் குரலை மீட்க முயல்வது விடுதலை வேட்கை. அவன் ஓசையை மட்டும் எழுப்பி அயலவரின் வாயை அடைப்பானாயின், தன்னை முன்பு அடக்கியவனின் வழியையே தானும் பின்பற்றுகிறான்.

இந்த ஓசையைச் சுமப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். வசதி படைத்தவர் கண்ணாடிச் சாளரத்தை மூடிக் குளிர்சாதனத்தை இயக்கிக்கொள்வார். ஒழுங்கையோரத்துத் தகரக் கொட்டிலில் குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கு மூடுவதற்கு என்ன இருக்கிறது? போதனா வைத்தியசாலையின் ஓரமாகச் செல்லும் ஆஸ்பத்திரி வீதியில் வண்டி உறுமிச் செல்கையில், உள்ளே நோயில் கிடப்பவர் எழுந்து எங்கே செல்வார்? வீதிப் போக்குவரத்தின் சராசரி ஓசை 53 டெசிபெலுக்கும், இரவில் 45 டெசிபெலுக்கும் குறைவாக இருத்தல் நலம் என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டி 2018 இல் கூறியது. 10 டெசிபெல் கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது.

எம்மவரின் செவிக்கு வேறொரு சுமையும் உண்டு. விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிய கால்கள் இன்னும் எம்மிடையே நடமாடுகின்றன. போருக்குப் பின்னரோ மோட்டார் சைக்கிள்களில் வந்த வாள்வெட்டுக் கும்பல்கள் ஊர்களை அச்சுறுத்தின. இரவில் உறுமல் கேட்டுப் படலையைப் பூட்ட விரையும் முதியவளுக்கு, வருபவன் விளையாட்டுப் பிள்ளையா, வாள் ஏந்தியவனா என்று எப்படித் தெரியும்? ஓட்டுபவனின் உள்ளத்தில் தீமை இல்லாதிருக்கலாம். ஆனால் அவள் நெஞ்சின் நடுக்கத்தை அவனது நல்லெண்ணம் போக்கிவிடாது.

இதனால் எஞ்சினின் வலு கூடுகிறது என்பர் சிலர். எஞ்சினும் காபரேற்றரும் புகைக்குழாயும் ஒன்றுக்கொன்று இசைய அமைக்கப்பட்டவை. குழாயை மட்டும் மாற்றினால் ஓசை கூடுமளவுக்கு வலு கூடுவதில்லை. ஓசை விபத்தைத் தடுக்கும் என்பர் வேறு சிலர். குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. சந்தியில் வரும் ஆபத்தோ பெரும்பாலும் முன்னால் இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1951 முதலே எமக்கு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. பொலிசார் மறித்துத் தண்டமும் விதிக்கிறார்கள். ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம், விரும்பாத ஓசையைக் கேட்கும் கைதியாக எவரையும் ஆக்கலாகாது என்ற கருத்தை ஏற்று, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்த நியாயம் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கவேண்டும். கோயில் ஒலிபெருக்கியும் தேர்தல் ஊர்வலமும் தப்பிச் செல்ல, கூலிக்காரனின் மகன் மட்டும் தண்டம் கட்டுவதானால், அவன் சட்டத்தை மதிக்கக் கற்கமாட்டான். அது யாரைத் தொடுவதில்லை என்பதையே கற்பான்.

ஆகவே தண்டம் மட்டும் போதாது. சனசமூக நிலையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இளைஞருக்கு நாற்காலி தூக்கும் வேலையை மட்டும் கொடுக்காது, தீர்மானிக்கும் இடத்தையும் கொடுக்கவேண்டும். அவன் கைக்கு வேலையும் அவன் சொல்லுக்குச் செவியும் கிடைக்கவேண்டும். மெக்கானிக்கும் தன் தொழிலின் மதிப்பை எண்ணி, தகட்டை வெட்டித்தரக் கேட்பவனிடம் மறுத்துரைக்கும் துணிவு பெறவேண்டும். இளைஞனே, உன் குரலைக் கேட்க நாம் கடமைப்பட்டவர்கள். அதற்காக எம்மை நீ கேட்கலாம், கண்டிக்கலாம், எதிர்த்து வாதாடலாம். ஆனால் ஒழுங்கையில் உறங்கும் அந்தக் குழந்தை உனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.