நகராத சரக்கு

புத்தகக் கடைகளைப் பற்றி எழுதும்போது நம்மிடையே இரண்டு பாவனைகள்தாம் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஒப்பாரி: வாசிப்பு செத்துவிட்டது, கடைகள் மூடப்படுகின்றன, தமிழன் உருப்படமாட்டான். மற்றது விழா மேடை: புத்தகமே தெய்வம், புத்தகக் கடையே கோயில். இரண்டிலும் பேசுகிறவன் குற்றத்துக்கு வெளியே சௌகரியமாக நின்றுகொள்கிறான். ஒப்பாரி வைப்பவன் குற்றத்தை ஊரார் மேல் போடுகிறான். கோயில் என்பவன் கண்ணுக்குக் குற்றமே படுவதில்லை. நான் என் தொழில் கற்றுக்கொடுத்த மொழியிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். விற்காத ஒரு புத்தகத்தின் மதிப்பு என்ன? அந்த மதிப்பை யார் கொடுத்தாக வேண்டும்?

நான் வங்கிக் குமாஸ்தா. குடியிருப்பது சூலூரில். வார நாட்களெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறுவது பல வருஷப் பழக்கம். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தொடங்குவேன். பொறியியல் பாடப் புத்தகங்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் மலையாகக் குவிந்திருக்க, அடியில் எங்காவது ஒரு கான்ராடோ, அட்டை போன சிறுபத்திரிகைக் கட்டு ஒன்றோ அகப்பட்டதுண்டு. பிறகு ராஜ வீதி. மு. வேலாயுதத்தின் விஜயா பதிப்பகம் அங்கே கடையாக, பதிப்பகமாக, வாசகர் வட்டமாக இயங்கி வந்திருப்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் எங்காவது ஏதாவது இருக்கும். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி. கோணங்கள் திரைப்படக் கழகம் காட்டிய அயல்நாட்டுப் படம். இல்லாவிட்டால் ஏதாவதொரு பள்ளிக்கூட அறையில் கவிதை நூல் விமர்சனம், பதினைந்து நாற்காலி, ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் நூலாசிரியரின் உறவுக்காரர்கள். கூட்டம் பெருகும் சந்தர்ப்பங்களும் உண்டு. கொடிசியா வளாகத்தில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா, 2010 முதல் விஷ்ணுபுரம் விருது விழா. மில்லும் மோட்டார் பம்பும் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஞாயிறு மாலையில் இங்கே நடந்து பார்த்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சூலூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன் நகரத்தில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் விவகாரத்தை வெளியே சொல்லலாகாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே வங்கியின் பெயர், கடையின் பெயர், தெரு எதுவும் இங்கே வராது. மேலே குறிப்பிட்ட எதுவும் அந்தக் கடை அல்ல என்பது மட்டும் தெரிந்தால் போதும். சின்னக் கடை. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். முன்பக்கத்தில் ஜோதிடம், சமையல், பொது அறிவு. உள்ளறையில் கவிதைக்கென்று ஒரு அலமாரி. எண்பதுகளில் யாரோ கைக்காசைப் போட்டு அச்சடித்து, இரண்டாம் பதிப்பைக் காணாமலே போன தொகுப்புகள் அதில் இருந்தன. மூன்று வருஷம் அந்த அலமாரி முன்னால் நின்று படித்திருக்கிறேன். அவர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டுப் போவார். வாங்குகிறாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தக் கடைக்காரர் எங்கள் கிளையில் தன் கேஷ் கிரெடிட் வரம்பைக் கூட்டித் தரும்படி விண்ணப்பித்தார். சரக்கைப் பார்க்க அதிகாரி போனார். பட்டியல் எழுத நான் கூடப் போனேன். இந்த வகைக் கடனின் கணக்கு எளிமையானது. இருக்கும் சரக்கின் மதிப்பை எடுத்துக்கொள்வது. பதிப்பாளருக்கு இன்னும் பணம் தராத சரக்கைக் கழிப்பது. நெடுநாள் நகராத சரக்கைக் கழிப்பது. மிஞ்சியதில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காக நிறுத்திவைத்து மீதிக்குப் பணம் எடுக்க அனுமதிப்பது. ஜோதிடமும் சமையலும் எண்ணி முடிந்தன. உள்ளறைக்கு வந்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார்.

“நீங்க படிக்கிற ஆளாச்சே. இதெல்லாம் போகுமா?”

“போகாது சார்” என்றேன்.

அந்த அலமாரிக்கு நேரே பட்டியலில் பூஜ்யம் எழுதினேன். கடைக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என் பேனா தயங்கியிருக்க வேண்டும். “எழுதுங்க தம்பி. உள்ளதத்தானுங்களே எழுதோணும்” என்றார். பிறகு, “டீ சொல்லியிருக்கறனுங்க, குடிச்சுட்டுப் போங்க.” வரம்பு கூட்டப்படவில்லை.

நான் சொன்னது பொய்யல்ல. பூஜ்யம் என்பது விதிப்படி சரியான எண். அதிகாரியும் கெட்டவர் அல்ல; கேட்க வேண்டியதைக் கேட்டார். இருந்தும் டீ தொண்டையில் இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்கப் பல மாதங்கள் பிடித்தன. ‘போகாது’ என்ற சொல்லை, நாளைக்கு மழை வராது என்று சொல்கிற தோரணையில், எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய தகவலாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த அலமாரியில் கண்டெடுத்த பெயர்களை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, அவர்களுடைய நூல்களின் மறுபதிப்பை இணையத்தில் தள்ளுபடிக்கு வரவழைத்தவன் நான். மறுபதிப்பு வராதவற்றை நின்றே படித்து முடித்தவனும் நான்தான். அந்தச் சரக்கு நகராததற்கு நானும் ஒரு காரணம். சாட்சிக்குக் கூப்பிடப்பட்டவனே குற்றத்திலும் பங்காளி. சாட்சியை ஒழுங்காகச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டேன். ஒரு உண்மையைச் சொல்வதாலேயே ஒருவனுக்குத் துரோகம் செய்யவும் முடியும் என்பது நான் படித்த எந்த ஒழுக்கவியல் புத்தகத்தைவிடவும் தெளிவாக அன்று எனக்குத் தெரிந்தது.

வங்கியின் விதியிலும் நியாயம் இருக்கிறது. மண்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டையில் வண்டு விழும். மருந்துக் கடையில் தேதி முடியும். எங்கள் சூலூர், சோமனூர்ப் பக்கம் நூல் என்றால் தறியில் ஓடும் நூல்தான். கிடங்கில் வெகுநாள் இருந்தால் அதற்கும் கேடுதான். காலம் சரக்கைத் தின்னும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த விதி அது. புத்தகம் மட்டும் அதற்குள் முழுதாக அடங்க மறுக்கிறது. ஒரு கவிதைத் தொகுப்பு பதினைந்து வருஷம் அலமாரியில் இருக்கிறதென்றால் அது பழுதாகிவிட்டதென்று அர்த்தமில்லை. அதன் வாசகன் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நான் ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கப் படித்துக்கொண்டிருந்த நாளிலேயே அந்த அலமாரி அங்கே இருந்தது. அந்த வருஷங்களுக்கெல்லாம் யாரோ வாடகை கொடுத்திருக்கிறார், வட்டி கட்டியிருக்கிறார். புத்தகத்தின் விலையில் இந்தச் செலவு அச்சாகியிருப்பதில்லை. தள்ளுபடியில் வாங்குகிறவன் லாபம் என்று நினைப்பது இந்தக் காத்திருப்பின் செலவை இன்னொருவன் தலையில் வைத்துவிட்டு வருவதைத்தான்.

காத்திருப்பதையும் சும்மா கிடப்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 1948ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்ததன் மூலம், புத்தகம் வாசகனுக்காகக் காத்திருக்கும் செலவைச் சமூகம் மொத்தமாக ஏற்றுக்கொண்டது. பெரிய காரியம். ஆனால் நூலகம் வாங்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அச்சிடப்பட்டு, எந்த வாசகனையும் மனதில் வைக்காமல் அடுக்கப்பட்டு, ஒட்டிய தாள் பிரியாமல் இருக்கும் புத்தகங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவை காத்திருக்கவில்லை, கிடக்கின்றன. ஒரு பொருள் காத்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், இன்னும் வராத ஒருவனைப் பற்றிய நினைப்பு யார் மனதிலாவது இருந்தாக வேண்டும். நல்ல கடைக்காரனும் நல்ல நூலகரும் அந்த நினைப்பைச் சுமப்பவர்கள். ஒன்பது பேருக்காகப் பதினைந்து நாற்காலி போடுகிறவரும் அந்த இனம்தான். மிஞ்சிய ஆறு நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்.

இந்தச் செலவை என்ன செய்வது என்பதில் நம் முன்னோடிகளே இரு வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். 1959ல் ‘எழுத்து’வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, வாசகன் வரும்வரை காத்திருக்க மாட்டாமல் புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். இனாமாகக் கொடுக்கவில்லை, விலைக்குத்தான் கொடுத்தார். 1971ல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ தன்னை விலையிலாக் கவிமடல் என்று அறிவித்துக்கொண்டது. வானம்பாடிகளின் முழக்கத்தோடு எனக்குள்ள பிணக்கு வேறு விஷயம். விலை வேண்டாம் என்ற அவர்களின் முடிவில் ஒரு தாராளம் இருந்தது. ஆனால் விலையில்லாத கவிதை வாசகனிடம் எதையும் கேட்பதில்லை. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் போய்விடலாம். செல்லப்பா நீட்டிய புத்தகத்துக்கு முன்னால் அவன் தன்னிடம் இருக்கும் ரூபாயைப் பற்றி ஒரு கணமாவது யோசித்தாக வேண்டும். அந்த ஒரு கணத்தின் சங்கடத்தை நான் மதிக்கிறேன்.

பாரிஸில் சில்வியா பீச் 1919ல் திறந்த ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ முப்பதுகளில் மூடும் நிலைக்கு வந்தது. ஆந்த்ரே ழீத் முதலான எழுத்தாளர்கள் ஒரு நண்பர் குழு அமைத்தார்கள். சந்தா கட்டியவர்களுக்காகக் கடையிலேயே வாசிப்புக் கூட்டங்கள் நடந்தன. வலேரியும் எலியட்டும் வந்து படித்தார்கள். காத்திருப்பின் செலவைச் சிலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் தர்மமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. கடையையும் கூட்டத்தையும் ஒரே காரியமாக அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். நாமோ கூட்டத்துக்குப் போவதை ரசனை என்றும், கடைக்குப் போவதை வியாபாரம் என்றும் பிரித்து வைத்திருக்கிறோம்.

இதற்கு மறுப்பும் தெரியும். விசைத்தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பையனுக்கு முப்பது ரூபாய் தள்ளுபடி முப்பது ரூபாய்தான். அவனிடம் போய்க் காத்திருப்பின் செலவு பற்றிப் பிரசங்கம் செய்வது அயோக்கியத்தனம். அவன் நின்று படிக்கட்டும். அவனுக்காகத்தான் அந்த ஸ்டூல். மாதச் சம்பளக்காரனான நான் அவனுடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன் என்பதே என் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு.

தமிழில் கடன் என்ற ஒரே சொல், வாங்கியதைத் திருப்பித் தருவதையும் குறிக்கிறது, செய்தாக வேண்டிய கடமையையும் குறிக்கிறது. வங்கியில் முதல் அர்த்தம் மட்டும் புழங்குகிறது. அடைத்துவிட்டால் ஆயிற்று, பத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகலாம். மாற்றல் உத்தரவு வந்த மாதம் நானும் அப்படித்தான் அடைத்துவிடப் பார்த்தேன். சம்பளம் வந்த மறுநாள் கடைக்குப் போய் அந்த அலமாரியிலிருந்து இரண்டு கை நிறைய எடுத்து மேஜையில் வைத்தேன். தலைப்பைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து விலை பார்த்து எழுதினார். எனக்குள் ஒரு நிம்மதி பரவிக்கொண்டிருந்தது. பிற்பாடு யோசிக்கையில் நான் சந்தேகப்பட்டது அந்த நிம்மதியைத்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு இனி அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம் என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

நடுவில் இரண்டு புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்தார்.

“இது ரெண்டும் உங்களுக்கு ஆவாதுங்க தம்பி. நீங்க படிக்க மாட்டீங்க.”

“இருக்கட்டுங்கண்ணா, போடுங்க.”

“இல்லீங்க. வேற ஒருத்தருக்கு வெச்சிருக்கறனுங்க.”

யாருக்கு என்று கேட்டேன்.

“வருவாங்க” என்றார்.

மற்றவற்றைக் கட்டிக் கொடுத்தார். பதிப்பாளர்கள் தரும் கழிவிலிருந்து எனக்கும் பத்து சதவீதம் குறைத்திருந்தார். வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

இப்போது அந்தக் கடையில் முன்பாதி நோட்டுப் புத்தகமும் ஜெராக்ஸ் இயந்திரமுமாக மாறிவிட்டது. உள்ளறையில் அலமாரி இருக்கிறது. மாதம் ஒருமுறை போகிறேன். ஸ்டூலில் உட்காருவதில்லை. வாங்குவதை அங்கேயே வாங்குகிறேன். இதனால் என்ன நேராகிவிட்டது என்று தெரியவில்லை. செல்போன் விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு புத்தகங்களும், சென்ற மாதம் பார்த்தபோது, வைத்த இடத்திலேயே இருந்தன.