கதிரவனைத் தேடித் திரும்பும் அடுப்பு



பகைவரையும் நேசியுங்கள் என்று இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 5:43-48) கேட்டோம். அதற்குச் சான்றாக ஆண்டவர் கோவிலையோ திருச்சட்டத்தையோ காட்டவில்லை. வானத்துக் கதிரவனைக் காட்டுகிறார். நல்லவர் முற்றத்திலும் தீயவர் முற்றத்திலும் தந்தை ஒரே வெயிலைத்தான் விழச் செய்கிறார். அப்படியென்றால், ஒருவர் உள்ளம் பக்குவப்படுவதும் இன்னொருவர் உள்ளம் பச்சையாகவே கிடப்பதும் எதனால்?

இதற்கு விடை தேட ஓர் அடுப்பைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டிலேயே செய்யக்கூடிய சூரிய அடுப்பு. கதிரவன் நகர நகரத் தானும் திரும்பும் அடுப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து அறிவியலர் ஓராஸ் பெனடிக்ட் டி சோசூர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து, கொதிநீரின் சூட்டையும் தாண்ட வைத்தார். இன்று நாம் செய்வதும் அடிப்படையில் அதுவே. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சிறிய பெட்டியை வைத்து, இடைவெளியில் கசக்கிய காகிதமோ வைக்கோலோ உமியோ அடைக்க வேண்டும். உள்ளே கறுப்புச் சாயம் பூசிய தகடு, அதன்மேல் கறுப்புப் பாத்திரம், மேலே கண்ணாடி. கண்ணாடி வழியே வரும் ஒளி கறுப்பில் பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. அலுமினியத் தாள் ஒட்டிய பலகையைச் சாய்த்து வைத்தால் இன்னும் கூடுதல் வெயில் உள்ளே விழும். நல்ல வெயிலில் 120 டிகிரி செல்சியஸ்கூட வரும். சோறு மெதுவாக வேகும், அடிபிடிக்காது. ஒரே கட்டுப்பாடு, மூடியை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது.

ஆனால் கதிரவன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலையில் சரியாக வைத்த அடுப்பு மதியத்துக்குள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அடிக்கடி எழுந்துபோய்த் திருப்பி வைக்கிறோம். அந்த வேலையை அடுப்பே செய்ய, பேரிங் வைத்த சுழல்பலகை ஒன்றும், மெதுவாகச் சுற்றும் சிறு மோட்டார் ஒன்றும், ஒளியை உணரும் இரண்டு வில்லைகளும் போதும். எல்.டி.ஆர். என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும், விலையும் குறைவு. இரண்டு வில்லைகளுக்கும் நடுவே ஒரு சிறு தடுப்பு நிற்கும். வெயில் நேராக விழும்போது இரண்டிலும் ஒரே அளவு ஒளி. மோட்டார் சும்மா இருக்கும். கதிரவன் சற்று விலகினால் தடுப்பின் நிழல் ஒரு வில்லைமேல் விழும். நிழல் விலகும்வரை மோட்டார் அடுப்பை ஒளிப்பக்கம் திருப்பும்.

அந்த அடுப்புக்குக் கதிரவன் எங்கே என்று யாரும் சொல்லித்தருவதில்லை. தன்மேல் விழுந்த நிழலைக் கொண்டே அது திசையை அறிகிறது. நமக்கும் மனச்சான்று அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு சொல் சொன்ன பிறகு உள்ளே ஏதோ இருண்டால், அந்த இருட்டைக் கண்டு பயந்து ஓட வேண்டாம். திரும்ப வேண்டிய பக்கத்தை அதுவே காட்டுகிறது. நூலிழை வித்தியாசத்துக்கெல்லாம் மோட்டார் ஓடினால் அடுப்பு ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும் என்று, செய்பவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே அமைப்பார்கள். சின்னஞ்சிறு குறைக்கெல்லாம் கடவுள் தண்டிப்பாரோ என்று நடுங்கும் சில நல்ல உள்ளங்கள் இதைக் கேட்க வேண்டும். தந்தை உங்களிடம் அந்த நடுக்கத்தைக் கேட்கவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். மாலையில் மேற்கே பார்த்து நின்றுவிட்ட அடுப்புக்கு, மறுநாள் கதிரவன் முதுகுப்புறம் எழும். இரண்டு வில்லைகளும் நிழலில் இருக்கும். இரண்டும் ஒரே அளவு இருட்டு என்பதால், எல்லாம் சரியாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். யாராவது வந்து கிழக்கே திருப்ப வேண்டும். இல்லையென்றால் அதன் முதுகில் இன்னொரு வில்லை வேண்டும்.

நாமும் இப்படி நின்றுவிடுவதுண்டு. அண்ணன் தம்பி ஆண்டுக்கணக்கில் பேசுவதில்லை. கேட்டால், “இப்போ எந்தச் சண்டையும் இல்லை சாமி, நிம்மதியா இருக்கோம்” என்கிறார்கள். அது நிம்மதியா, இல்லை, இரண்டு கண்ணும் ஒன்றாக இருண்டுபோனதா? உரியாவைக் கொல்லச் செய்த தாவீதும் மனம் உறுத்தாமல்தான் அரியணையில் இருந்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து நின்ற பிறகே தாம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கண்டார். நம்மைத் திருப்ப இன்னொருவர் கை தேவை. ஒப்புரவு அருளடையாளத்தைத் திருச்சபை அதற்காகவே வைத்திருக்கிறது. உங்கள் மனைவி சொல்லும் சொல்லையும், பிள்ளை கேட்கும் கேள்வியையும் அந்தக் கையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கதிரவனோடு திரும்பும் அடுப்பு வெறும் உவமை அல்ல. வொல்ஃப்காங் ஷெஃப்லர் என்பவர் 1986இல் கென்யாவின் வட பகுதியில் ஒரு மறைப்பணித்தளத்தில் பெரிய ஒளிக்குவிப்பான் ஒன்றை அமைத்தார். அது கதிரவனோடு திரும்பும். குவிந்த ஒளி மட்டும் இடம் மாறாமல் ஒரே புள்ளியில் விழும். அதனால் சமைப்பவர் வெயிலில் காயாமல் சமையலறைக்குள்ளேயே நின்று சமைக்கலாம். ஏழைகளுக்காகத் தன் அறிவைச் செலவிட்ட அந்த மனிதரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்குள் விறகும் சாணமும் கரியும் எரிப்பதால் எழும் புகை 2020ஆம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேரின் உயிரைப் பறித்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. நம் பங்கிலும் அந்தப் புகையில் கண் எரிந்து இருமும் தாய்மார் இருக்கிறார்கள். பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் கேட்டுக்கொண்டது இவர்களை நினைத்தும்தான். மழைநாளிலும் இரவிலும் சூரிய அடுப்பு உதவாது என்பது உண்மை. ஆனாலும் வெயில் அடிக்கும் நாளில் ஒருவேளைப் புகையாவது குறையுமே.

திருப்பலி முடிந்ததும் இளைஞர்கள் கோவில் முற்றத்தில் இருங்கள். வீட்டில் பழைய அட்டைப்பெட்டி, கண்ணாடி, தகடு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் பங்கு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் அடுப்பு, விறகு பொறுக்கித் தனியே சமைத்துச் சாப்பிடும் முதியவர் வீட்டுக்குப் போகட்டும். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் அதைச் சேர்ந்து தூக்கிக்கொண்டு போங்கள்.