பழி யார்மேல்?

வறுமையைக் காட்டும் செய்தியே ஏழையின் தலையில் பழியைப் போட்டுவிடுமா? போட்டுவிடும் என்கின்றன, அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியர் ஷாந்தோ ஐயங்காரின் ஆய்வுகள். தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பில் சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றை நீக்கி, பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பது அவர் கையாண்ட முறை. தனியொரு ஏழையின் கதையைப் பார்த்தவர்கள், வறுமைக்கு ஏழைகளையே பெரிதும் காரணம் காட்டினார்கள். நாடு தழுவிய வறுமை நிலவரத்தைப் பார்த்தவர்களோ, அரசையும் சமூகத்தையும் பொறுப்பாக்கினார்கள். 1991-இல் இம்முடிவுகள் நூலாக வந்தன.

மனதை உருக்கும் செய்தியைப் பார்த்தால் இரக்கப்படுவதோடு நிறுத்திவிடாதீர்கள். செய்தியில் வருபவரை அந்த நிலைக்குத் தள்ளிய கொள்கை எது, அதை வகுத்தவர் யார் என்றும் கேளுங்கள். வாக்காளரின் முதல் கடமை அது.