கழலும்! நீ கைவைத்தால் கழலும்!

"அது பிடிச்சுக்கிச்சு சார், இனி வராது. வெட்டித்தான் எடுக்கணும்."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சென்னையின் முடிச்சூர் சாலையிலும் குரோம்பேட்டையிலும் பட்டறை வாசல்களில் இதைச் சொல்பவனுக்குப் பல நேரம் இருபது வயதுகூட ஆகியிருக்காது. தோளில் வலு இருக்கிறது, சுவரில் ஸ்பேனர் வரிசையாகத் தொங்குகிறது. இருந்தும் ஒரு திருகு அசைய மறுத்த முதல் நிமிடத்திலேயே தோல்வியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: அது ஏன் பிடித்துக்கொண்டது என்று உனக்குத் தெரியுமா?

காரணம் தெரிய, பாய்மரப் படகைப் பார். அதில் பாயைத் தாங்கும் கம்பத்தை மரம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் இன்று பெரும்பாலும் அது அலுமினியக் குழாய். அதில் கப்பியையும் கொக்கியையும் கயிறு கட்டும் கட்டையையும் பிடித்து நிறுத்துவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர். அவ்வளவு போதும், அங்கே ஒரு சின்ன பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் பிறக்கும் வெள்ளைப் பொடிக்குத் தான் உண்டான உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். மரைகளுக்குள் அந்த இடம் கிடையாது. ஆகவே அது நெருக்கும், இறுக்கும், திருகைக் கவ்விப் பிடிக்கும். எவ்வளவு முரட்டுத்தனமாகத் திருகினாலும் அந்தப் பொடி கரையாது. திருகின் மண்டைதான் முறியும். வலுவை மட்டும் நம்பியவன் தோற்கும் இடம் இது. காரணம் அறிந்தவன் இங்கேதான் எழுந்து நிற்கிறான்!

அவன் முதலில் சுடுதண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுவான். மண்டையின் பள்ளத்தில் அடைந்திருப்பதை ஊசிமுனையால் சுரண்டி, திருப்புளியின் பிட் முழு ஆழத்துக்கும் உட்காரும்படி செய்வான். பிறகு ஊடுருவும் எண்ணெய். விட்டு, தட்டி, மறுபடி விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைப்பான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். பெரிய அடி வேண்டாம். சின்னச் சின்ன அடிகள் பொடியில் விரிசல் விட, அந்த விரிசல் வழியே எண்ணெய் இறங்கும். அசையவில்லையா? சூடு காட்டு. ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக விரியும், துளை சற்றே திறக்கும். ஆனால் கேஸ் தீயைக் கொண்டுபோகாதே, பதமேற்றிய அலுமினியம் அதில் வலு இழந்துவிடும். ஹீட் கன் போதும், எண்ணெயைத் துடைத்துவிட்டுக் காட்டு. அடுத்து, சுத்தியலால் தட்டத் தட்டத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, பிறகு கழற்றும் பக்கம். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். மண்டையைத் துளைத்து எடுப்பதும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழி. நீ அதை முதல் வழியாக்கிவிட்டாயே, அதுதான் என் வருத்தம்!

சென்னைக்கும் பாய்மரத்துக்கும் என்ன தொடர்பு என்கிறாயா? ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. இந்த ஊரில் பாய் பிடிக்கப் பழகிய நேத்ரா குமணன் 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்றார். இந்தியப் பெண்களில் அவரே முதல். அவர் ஓட்டிய லேசர் ரேடியல் படகின் மரம் இரண்டு துண்டு, மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் செருகிக்கொள்ளும். இந்த வகைப் படகில் உப்பும் மணலும் இடுக்கில் புகுந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வது உண்டு. அப்போதும் வெளிக்குழாயின் மேல் சுடுதண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு முனை பிடித்து, எதிரெதிராக முறுக்கி எடுப்பார்கள். சூடுபட்டு விரிந்த குழாய் பிடியை விடும். இதற்கு எந்த மந்திரமும் தேவையில்லை.

இன்னும் தூரம் பார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், கடற்படைக்காரர்கள் இரண்டே பேர், ஐஎன்எஸ்வி தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். நடுவே, ஜனவரியில், பசிபிக் கடலின் நீமோ முனையைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் மிக அருகிலுள்ள நிலம் 2,600 கிலோமீட்டருக்கும் அப்பால்! அந்த இடத்தில் ஒரு திருகு இறுகினால் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது? படகில் இருக்கும் கைகள்தான் மெக்கானிக், படகில் இருக்கும் பெட்டிதான் பட்டறை. கடற்படைக்காரர்கள் என்பதால் அவர்களால் முடிந்தது என்று ஒதுங்கிவிடாதே. அவர்களும் பயிற்சியில்தான் கற்றார்கள். பிறக்கும்போது யார் கையிலும் ஸ்பேனர் இல்லை.

உன் கடைத் தட்டில் நிற்கும் நீலமும் மஞ்சளுமான டப்பாவை எடுத்துப் பார். அதன் மேல் எழுதியிருக்கும் WD-40 என்ற பெயரில் அந்த 40 என்ன? 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு சின்ன நிறுவனம் ஈரத்தை விரட்டும் கலவை ஒன்றைத் தேடியது. நாற்பதாவது கலவை பலித்தது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. (இறுகிய மரைக்கு அதைவிட, துரு தளர்த்தவென்றே தயாரித்த எண்ணெய் மேல் என்பது என் கருத்து.) தோற்றுப்போன முப்பத்தொன்பதையும் பெயரிலேயே சுமக்கிற டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே திருப்பலில் கைகழுவுகிறாயே! இது நியாயமா?

இந்தக் கைத்திறனுக்கு வேலை இல்லை என்று மட்டும் சொல்லாதே. பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையிலேயே, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கடலில் மிதவைகளையும் கருவிகளையும் இறக்கும் அதன் ஆராய்ச்சிக்கெல்லாம் அடியில் உப்போடு மல்லுக்கட்டும் கைவேலை இருக்கிறது. கோவளம் தொடங்கித் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஃபைபர் படகுகள். அவற்றின் அவுட்போர்டு என்ஜின்களிலும் அதே அலுமினிய உடல், அதே ஸ்டெயின்லெஸ் போல்ட், அதே வெள்ளைப் பொடி. பாய்மரத்தில் கற்றது அங்கே அப்படியே செல்லும். பைக் என்ஜின் மூடியிலும் செல்லும்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போ. அளவான பிட்டுகள், இம்பாக்ட் டிரைவர், சுத்தியல், எண்ணெய், திரும்பப் பூட்டும்போது மரையில் தடவ அரிப்புத் தடுப்புப் பசை, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள். படகுக்கார அண்ணன்களிடம் எது கழல மறுக்கிறது என்று கேள். இன்று எண்ணெய் விட்டால் நாளைக்குத்தான் திறக்க முடியும் என்று தயங்காமல் சொல். கூலியையும் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடு.