அடைத்த குரல்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, போடிநாயக்கனூர் வீட்டிலிருந்தபடியே ஓர் இணையவழிக் கருத்தரங்குக்குத் தலைமை வகித்தேன். ஜூமில் இலவசமாகக் கூடினால் 40 நிமிஷந்தான். அப்புறம் கதவு தானே சாத்திக்கொள்ளும். எனவே மூவர் பேச ஆளுக்கு 10 நிமிஷம், எஞ்சியது கேள்விகளுக்கு என்று கணக்கிட்டு, முதல் நாளே ஒத்திகையும் பார்த்துவிட்டேன். கூட்டம் வெற்றி என்றே எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கம்பத்துப் பெரியவர் ஒருவர் கேள்வி கேட்க வந்து, கேரள எல்லை அடைபட்டதால் ஜீப்பில் மலைக்குப் போகும் ஏலத்தோட்ட வேலை நின்றுபோனதைச் சொல்லத் தொடங்கினார். "ஐயா, தலைப்புக்கு வாருங்கள்" என்றேன். வரவில்லை. ஒலியை அடைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை போலும். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

மற்றவர்களுடைய நேரத்தைக் காப்பது தலைவனின் கடமை அல்லவா? கடமைதான். ஆனால் மண்டபமாயிருந்தால் முகத்தைப் பார்த்து உட்காரச் சொல்லியிருப்பேன். சபையும் என்னைப் பார்த்திருக்கும். இங்கே ஒரு விரல் போதுமாயிருந்தது.

எங்கள் ஊர் ஏலக்காய் ஏலமும் 2007 முதல் கணினிக்கு மாறிவிட்டது. ஆனாலும் வியாபாரிகள் கூடத்தில் அமர்ந்து, மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். காய்க்குத் தரும் அந்த மரியாதையை நான் ஒரு மனிதருக்குத் தரவில்லை.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். "நேத்து நான் பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சில்ல தம்பி?" என்றார்.

"கேட்டதுங்க ஐயா" என்றேன்.