மான் தின்றுவிட்டதா? மறுபடி நடு!

மான் மேய்ந்துவிட்டது. சரி. அப்புறம்?

ரோஜா மொட்டெல்லாம் போச்சு. செம்பருத்தி மொட்டையாக நிற்கிறது. அதற்காக மண்வெட்டியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டாயா?

"காட்டோரத்து வீடு. இங்கே பூச்செடி வைக்க முடியாது." உனக்கு இதைச் சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரரா? அவர் எத்தனை செடி வைத்துப் பார்த்தார்?

முடியாது என்று சொல்லாதே! தெரியவில்லை என்று சொல். அதில் நேர்மையாவது இருக்கிறது.

முதலில், வந்தது மான்தானா? குனிந்து காம்பைப் பார். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. பிடித்து இழுத்துப் பிய்க்கும். காம்பு நார் நாராகக் கிழிந்திருந்தால் மான். கத்தி வைத்துச் சாய்வாக நறுக்கியதுபோல் இருந்தால் முயல். எதிரே நிற்பது யாரென்றே பார்க்காமல் தோற்றேன் என்று புலம்புவதா?

அது ஏன் வருகிறது? உன்மேல் பகையா? பசி!

மழைக்காலத்தில் புள்ளிமானுக்குப் புல் போதும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் இலை, பூ, உதிர்ந்த பழம் என்று அலையும். அந்த நேரத்தில் நீ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய தளிர் மட்டும்தான் கண்ணுக்குப் பச்சை!

இன்னொன்றும் கேள். முதுமலைக் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடங்களை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த பூச்செடி அது! மனிதனின் தோட்ட ஆசைதான் காட்டுக்குள் புகுந்து மானின் புல்லைப் பறித்தது. இதை நினைத்தால் எனக்கு மான்மேல் கோபமே வருவதில்லை.

கோபம் வேண்டாம். வேலை செய்!

வேலி போட்டும் தாண்டிவிட்டதா? எத்தனை அடி வேலி? நாலடியா? நாலடியை மான் தடையாகவே நினைக்காது! அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்கு எட்டடி கட்டச் சொல்கிறார்கள்.

எட்டடிக்குப் பணமில்லையா? நாலடி வேலியையே இரண்டு வரிசையாகக் கட்டு. நடுவில் நாலைந்து அடி விடு. உயரத்தைத் தாண்டும் மான், உயரத்தையும் அகலத்தையும் ஒரே தாவலில் தாண்டத் தயங்கும்.

அதற்கும் வழியில்லையா? வயலைச் சுற்றி நம் விவசாயிகள் பழைய சேலை கட்டுகிறார்களே, பார்த்ததில்லையா? அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் குதிக்க மான் யோசிக்கும். இப்போது சொல், இன்னும் என்ன சாக்கு வைத்திருக்கிறாய்?

ஒன்று மட்டும் செய்யாதே. வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்காதே! குற்றம் அது. அப்படிப்பட்ட வேலிகளில் யானைகள் செத்திருக்கின்றன. மனிதர்களும் செத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மானுக்கும் காவல். பூவுக்காக உயிரெடுப்பது வீரமா?

மானுக்கு மூக்குதான் பலம். அங்கே அடி! அழுகிய முட்டைக் கரைசலைச் செடிமேல் தெளி. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். மறுபடி தெளி. புதுத் தளிர் விட்டதா? மறுபடி தெளி. ஒரே நாற்றம் அதற்குப் பழகிவிடும். வேப்பெண்ணெய்க்கு மாறு.

"ஒரு தடவை தெளித்தேன், பலனில்லை" என்கிறாயா? ஒரு தடவையா! மான் ஒரு தடவைதான் வந்ததா? விரட்டினாய், ஓடியது. மறுநாள் வந்தது. நாய் குரைத்தது, ஓடியது. மறுபடி வந்தது. நாலு கால் பிராணிக்கு இருக்கும் பிடிவாதம் உனக்கு இல்லையா?

வெளி ஓரத்தில் அரளி வை. நித்தியகல்யாணி வை. இரண்டிலும் நஞ்சு உண்டு. மான் பொதுவாக வாய் வைக்காது. (சின்னக் குழந்தையோ ஆடோ இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம்.) ரோஜாவை உள்ளே, வீட்டுச் சுவரை ஒட்டிக் கொண்டுவா.

மறுபடியும் தின்றுவிட்டால்? இந்தப் பயம்தானே உன்னை உட்கார வைத்திருக்கிறது!

தின்னட்டும்! வேர் இருக்கிறதா என்று பார். ரோஜாவை நாமே கவாத்து செய்கிறோமே, எதற்கு? வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்க்கத்தானே? மொட்டையான செம்பருத்தியும் துளிர்க்கும். செடிக்கு வராத சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது?

மான் அதிகம் மேய்வது அந்தியிலும் விடியலிலும். அந்திக்கு இன்னும் நேரமிருக்கிறது.

கொல்லையில் நாலு கம்பு கிடக்காதா? பெட்டியில் பழைய சேலை இருக்காதா?

எழுந்திரு! கட்டு!